சிற்றவை இசையும் பெருவீதி மக்களும்

எமது பகுதிக் கோயில் ஒன்றின் திருவிழாவுக்குச் சென்ற கோடையிற் போயிருந்தேன். கோயிலின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் வாதம் அக்கோயிலைப் பற்றியதாகிவிடும். இசையைப் பற்றியதாக இராது. இரவுப் பூசை முடிந்து சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளியதும் இரண்டு கூட்டத்தார் மேளச் சமா வைக்கத் தொடங்கினர். இரு பக்கமும் கைதேர்ந்த வித்துவான்களே. நாகசுரத்தின் அணசுக்கு முன்னே ஒரு மைக். தவிலின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. வீதியின் நான்கு முடக்கிலும் ஆளுயரப் பெட்டிகள். வாசிப்பு எழுந்தபோது எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர், தோட்டக்காரர், இரு காதையும் பொத்திக்கொண்டு மெல்ல மெல்லப் பின்வாங்கித் தூரத்தில் இருந்த கேணிக்கட்டிற் போய் இருந்தார். நானும் பின்னாற் போனேன். "இஞ்ச இருந்தாத்தான் தம்பி, அவன் என்ன வாசிக்கிறான் எண்டு விளங்குது" என்றார். தோடி வாசித்துக்கொண்டிருந்தார் அந்த வித்துவான். அதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

நாகசுரம் ஊரெல்லை வரை கேட்க வேண்டுமென்றே செய்யப்பட்ட கருவி. அதற்கு மின்சாரத்தின் துணை வேண்டுமென்று எவர் தீர்மானித்தாரோ, அவர் சூரியனுக்கு விளக்குப் பிடித்தவராவர். ஆயினும் இக்கட்டுரை நாகசுரத்தைப் பற்றி மாத்திரமன்று. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், புல்லாங்குழல் ஆகிய யாவும் நம் நாட்டில் இன்று பெட்டிக்குள்ளிருந்தே வெளிவருகின்றன. பாடுவோன் ஒரு புறம் இருக்கிறான். பாட்டு வேறொரு புறத்திலிருந்து வருகிறது. இந்நிலை மாறவேண்டும் என்பதும், மாற்றுவதற்குரிய இடங்கள் மானிப்பாயைச் சுற்றிலும் ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கின்றன என்பதும், அவ்விடங்களைத் திறப்பதற்கு முன் நாம் சில கணக்குகளைத் தீர்க்க வேண்டும் என்பதுமே நான் சொல்ல வந்தவை.

மேனாட்டார் "சேம்பர் இசை" என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள். அறையில் இருந்து வாசிப்பது, அறைக்குள் இருப்பவர் கேட்பது. மூவர் அல்லது நால்வர் வாசிப்பர். அறுபதோ எழுபதோ பேர் கேட்பர். தந்தியின் மேல் வில் பட்ட சத்தமும், வாசிப்பவர் மூச்செடுக்கும் சத்தமும் கேட்கும். இதனை நகரத்து மாளிகைகளிலிருந்து நாட்டுப்புறத்துக்குக் கொண்டுபோனவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையாசிரியர். சபொக் என்னும் கீழைக்கரை மாவட்டத்தில் ஓல்ட்பரோ என்ற மீன்பிடி ஊரில் 1948இல் ஓர் இசைவிழாவை நண்பர்களோடு தொடங்கினார். அவ்வூரிற் பெரிய அரங்கு கிடையாது. ஊர் மண்டபத்திலும், ஊர்த் தேவாலயத்திலும், அயலூர்களான ஓர்போர்ட், பிளைத்பரோ ஆகியவற்றின் பழங்காலத் தேவாலயங்களிலுமே கச்சேரிகள் நடந்தன. ஓர்போர்ட் தேவாலயத்தில் 1964இல் அவர் அரங்கேற்றிய ஓர் இசைநாடகம், 1956இல் அவர் சப்பானிற் பார்த்த நோ கூத்து ஒன்றைத் தழுவியது. கீழைத்தேசத்துக் கூத்து ஓர் ஆங்கிலக் கிராமத்துக் கோயிலுக்குள் போய் இருந்துகொண்டது. பின்னர் வாற்கோதுமை முளைகட்டிக் காயவைக்கும் பழைய கட்டடம் ஒன்றை அரங்கமாக மாற்றி 1967இல் திறந்தார்கள். 1969இல் அது தீப்பற்றி எரிந்தது. மறு ஆண்டே திருப்பிக் கட்டினார்கள்.

கமக்காரரின் தானியக் கொட்டகை இசையரங்காகலாம் என்பதை எமது புகையிலைக் கொட்டில்களையும், கூட்டுறவுச் சங்கங்களின் பழைய பண்டகசாலைகளையும் பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும் ஆங்கிலேயன் செய்தான், ஆகவே நாமும் செய்வோம் என்று எழுதுவதற்கு நான் வரவில்லை. அந்த மனப்போக்கால் நாம் இழந்தவை போதும்.

நம்மிடம் இது இருந்தது. சென்னையில் சங்கீத வித்துவ சபை 1928இல் தோன்றியது. அதுபோன்ற சபைகளும் பயணச்சீட்டு விற்பதுபோல் சீட்டு விற்கும் மண்டபங்களும் வருமுன்னர், தமிழரின் இசை கோயில் மண்டபத்திலும், மடத்திலும், கலியாண வீட்டுப் பந்தலிலும், மிராசுதாரர் வீட்டுக் கூடத்திலும் நடந்தது. ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடினார்கள். அவ்விருவரும் 1920களில் ஒன்றுசேர்ந்து நடிக்கத் தொடங்கியதும் எமது கொழும்பிலேதான். யாழ்ப்பாணத்திலோ திருவிழாக் காலத்தில் வீதியே அவை; மணல் தான் ஆசனம்; விடிவெள்ளி கிளம்பும்வரை சமா நடக்கும். காங்கேசன்துறை வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக மயான காண்டம் பாடிய இரவுகளை நினைவிற் கொண்டவர் இன்றும் பலர் உளர்.

இன்னொரு காலத்தையும் சொல்ல வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரி தடை, மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு விளக்கெரித்துப் படித்த தலைமுறை எங்களது. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். திருவிழாக்கள் குண்டுவீச்சு விமானத்துக்கு அஞ்சிச் சுருக்கமாக நடந்தன. அந்த இருட்டில், ஒலிபெருக்கி என்று ஒன்று உலகில் இருப்பதே மறந்துபோயிருந்த அக்காலத்தில், நான் முதன்முதல் நாகசுரத்தைக் கேட்டேன். பத்தோ பதினொன்றோ வயது. சுருதி பிடிக்கும் ஒத்தின் ஒற்றை நாதம் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததும், தவில்காரரின் விரற்கூடு தோலில் விழுந்ததும் வேறுவேறாகக் கேட்டன. எவரும் பேசவில்லை. வானத்தையும் ஒரு காதாற் கேட்டுக்கொண்டிருந்தமையால் எல்லோரும் அமைதியாய் இருந்தார்கள் போலும். பொருளாதாரத் தடையை யாரும் வாழ்த்துவதற்கில்லை. அது குழந்தைகளின் மருந்தையும் தடுத்தது. ஆயினும் எங்கள் தலைமுறை இசையைக் கேட்ட விதத்தை எங்களுக்குப் பின்வந்த தலைமுறை கேட்கவில்லை என்பது உண்மை. மின்சாரம் வந்தது, பின்னர் பெட்டிகள் வந்தன, வெளிநாட்டுப் பணம் வந்தது, அதனோடு மேலும் பெரிய பெட்டிகள் வந்தன.

இனி இடங்களைப் பார்ப்போம். மானிப்பாயை நடுவாக வைத்து ஒரு வட்டம் கீறினால், துவிச்சக்கரவண்டியில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்வரக்கூடிய தூரத்தில் எத்தனை! மருதடியின் மருத நிழல் இருக்கிறது. கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த மிசன் வளவு இருக்கிறது. (கற்பிக்கும் மொழி தமிழாக இருக்க முடியாதென்று இன்றும் சொல்லும் அறிவாளிகள் ஒருமுறை அவ்வழியாற் போய்வரலாம்.) மேற்கே வட்டுக்கோட்டையில் ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயமும், 1823இல் தொடங்கிய செமினரியின் வளவும். சங்கானையில் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயத்தின் இடிபாடு, முருகைக்கற் சுவரோடு கூரையின்றி நிற்கிறது. கிழக்கே இணுவில், அதனை அடுத்து மருதனார்மடம். அங்கே 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக்கல்லூரி இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதி. ஒரு காலத்தில் மகாராஜபுரம் சந்தானம் அதன் அதிபராய் இருந்து கற்பித்தார். அங்கே பட்டம் பெறும் பிள்ளைகள், ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் எழுதுவதைத் தவிர, தம் கலையை வைத்துச் செய்ய வேறென்ன வழியை நாம் திறந்திருக்கிறோம்? மாதம் ஒரு சிற்றவையில், எழுபது பேருக்கு முன்னால், ஒன்றரை மணி நேரம் பாடும் வாய்ப்பு ஒரு இளம் பாடகிக்குப் பத்துப் பரிசளிப்பு விழாக்களிலும் மேலானது.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கருவி என்பதை மறந்துவிடலாகாது. வீணை பெரிய மண்டபத்தில் மைக் இன்றிச் சாகும்; சிறு தேவாலயத்தின் சுண்ணாம்புச் சுவர்களுக்கு நடுவே உயிர்க்கும். கற்றூண் நிரையுள்ள மண்டபம் வாய்ப்பாட்டுக்கும் வயலினுக்கும் உகந்தது. தூண்கள் ஒலியைச் சிதறடித்து ஒரே இடத்தில் முழங்காமற் காக்கின்றன. நாகசுரத்தையும் தவிலையும் மண்டபத்துக்குள் இழுத்து வைக்கக்கூடாது. அவை வீதிக்கும் மரநிழலுக்கும் கூரையற்ற சங்கானைச் சுவர்களுக்கும் உரியவை.

இங்கே ஒரு துயரத்தைச் சொல்லாமற் போக இயலாது. நாம் இவ்விடங்களை இடித்துக்கொண்டிருக்கிறோம். எதிரியன்று, நாமே. திருப்பணி என்ற பெயரால், பொழிகல்லும் சுண்ணச் சாந்தும் பனைமரச் சிலாகையும் ஓடும் கொண்டு பாட்டன்மார் கட்டிய மண்டபம் விழுகிறது; அவ்விடத்தில் கொங்கிறீற்றுத் தட்டும் வழுக்கும் தரைக்கல்லும் எழுகின்றன. தரைக்கல்லிலும் தட்டையான சீமெந்துச் சுவரிலும் பட்ட ஒலி ஓயாமல் முட்டி மோதுகிறது. தேவாரம் ஓதுபவரின் சொல் அவருக்கே விளங்குவதில்லை. உடனே ஒலிபெருக்கி வாங்கக் காசு சேர்க்கிறோம். கட்டடத்தாற் கெடுத்ததை இயந்திரத்தாற் சரிசெய்யப் பார்க்கிறோம். கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் குளிரில் உழைத்து எம்மவர் அனுப்பும் பணம் இது. அவர்களின் பக்தியை நான் குறைகூறேன். ஆனால் அவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இது உன் கொள்ளுத்தாத்தா கட்டிய மண்டபம்" என்று காட்ட விரும்பும்போது காட்டுவதற்கு எதை வைத்திருப்போம்?

இதுவரை எழுதியதை வாசிக்கும் உத்தியோகத்தரும் வைத்தியரும் சக சட்டத்தரணிகளும் தலையசைத்திருப்பார்கள். நல்ல யோசனை, நிலாக்காலத்தில் வைக்கலாம், குடும்பத்தோடு போய்வரலாம் என்று. இனி எழுதுவதற்கும் தலையசைப்பார்களா என்று பார்ப்போம்.

சிற்றவை என்றால் சிலருக்கான அவை. யார் அந்தச் சிலர்? ஐரோப்பாவில் அந்த "அறை" பிரபுவின் அறை. தஞ்சையில் அது அரசனின் சபை. பின்னர் மிராசுதாரரின் கூடம். வாசித்தவர் அக்கூடத்தில் நின்று வாசித்தார். தோளிற் கிடந்த துண்டை இடையிற் கட்டி வாசித்தார். கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து என்ற நாகசுர வித்துவான் தோளில் துண்டு போட்டதற்குத் தனவந்தர்கள் ஆட்சேபித்ததையும், பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர் பக்கம் நின்றதையும் தமிழகத்தின் சுயமரியாதை இயக்கத்தார் மறவார். திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை வாய்ப்பாட்டு வித்துவான்களைப் போலவே மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்று நின்று வென்றார். அவர் கேட்டது பட்டு மெத்தையன்று, சமமான ஓர் இருக்கை.

எங்கள் பக்கம் சுத்தமானதா? இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். தமிழகத்தின் தலைசிறந்த நாகசுர வித்துவான்கள் அவரைத் தம் பக்கத்தில் அமர்த்திப் பெருமை கொண்டார்கள். தமிழகத்தவரான அம்ஷன்குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. நாமும் அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். ஆனால் அவரோடு ஒத்த தொழிலார்க்குக் கலியாண வீடுகளில் எங்கே இலை போட்டோம்? நான் சிறுவனாய் இருந்தபோது ஒரு பெரிய வீட்டுக் கலியாணத்தில், முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் வாசித்த கைகள் பின்வளவில் தனிப்பந்தியிற் சோறு பிசைந்ததைக் கண்டேன். என் உறவினர் வீடுதான் அது. வாசிப்பைப் புகழ்ந்த அதே வாய்தான் "அவையளுக்கு அங்கால போடுங்கோ" என்றும் சொல்லிற்று.

கேட்போர் நிலை இதனினும் கொடிது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பொது வழிபாட்டிடத்துள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பதினொரு ஆண்டுகள் கழிந்தபின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அடிபட்டவர்கள் யார் என்பதை நாடறியும். இன்று அநேக கோயில்கள் திறந்தே இருக்கின்றன. ஆனால் கதவு திறந்திருப்பதும் உள்ளே வரும்படி அழைப்பதும் ஒன்றல்ல. "மண்டபத்தில் எழுபது பேருக்கே இடமுண்டு" என்ற சொல் சில இடங்களில் எவ்வளவு வசதியான சொல்லாகிவிடும் என்பதை நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் நின்ற எனக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எழுபது பேரும் எந்தக் குறிச்சியிலிருந்து வருவார்கள் என்பதை அழைப்பிதழ் அச்சிடுபவரே முன்கூட்டித் தீர்த்துவிடுவார்.

ஆகவே அழைப்பிதழே கூடாது. முந்தி வந்தவர் முன்னே இருப்பர், யாவரும் பாயில், முதுமையாலும் ஊனத்தாலும் தரையில் இருக்க முடியாதவர்க்கு மாத்திரம் சுவரோரத்தில் நாற்காலி. பிரதம விருந்தினர் இல்லை. மங்கள விளக்கேற்றப் பன்னிருவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பொன்னாடையும் இல்லை, ஆசியுரையும் இல்லை. நான் உட்பட எந்த அரசியற்காரனுக்கும் அங்கே வாய் இல்லை. வாசிப்பவருக்கான தொகையை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டு அன்றிரவே கையிற் கொடுத்துவிட வேண்டும். "கோயிற் காரியந்தானே, பார்த்துச் செய்வம்" என்ற வழக்கமான வசனத்துக்கு இடமிருக்கக்கூடாது. முடிந்தபின் உணவு உண்டானால் வாசித்தவரும் கேட்டவரும் தர்மகர்த்தாவும் ஒரே பந்தியில் இருக்க வேண்டும். இவற்றை எழுதிக் கையொப்பமிட மறுக்கும் கோயிலுக்குச் சிற்றவை போகாது. அதனோடு சண்டைக்கும் போகாது. பக்கத்துச் சங்கக்கடையின் பண்டகசாலைக்குப் போகும். நல்ல பாட்டு எங்கே நடக்கிறது என்று கேட்டு மண்டபக்காரர் தாமே வரட்டும்.

தமிழகத்தில் ரி. எம். கிருஷ்ணா சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015 முதல் மீனவர் வாழும் கரையிலே விழாவை நடத்துவதில் முன்னின்றார். கருநாடக இசை ஒரு சாதிக் கூட்டத்தின் வீட்டுக் கூடமாகிவிட்டது என்று அவர் பகிரங்கமாய்ச் சொல்லி, அதற்காக ஏச்சும் 2016இல் மக்சாசே விருதும் ஒருங்கே பெற்றார். போர் முடிந்தபின், 2011 முதலான ஆண்டுகளில், நீண்டகாலமாகத் தமிழக வித்துவான்கள் வராதிருந்த எமது வடபகுதிக்கு வந்து பாடியவரும் அவரே. அவர் சொல்வன யாவும் எனக்கு உடன்பாடென்று சொல்லேன். கோயிலும் பக்தியும் இல்லாமல் இவ்விசை நிற்குமா என்பதில் எனக்கு ஐயமுண்டு. ஆனால் வாசலில் நிற்பவனை விட்டுவிட்டு உள்ளே பாடும் பாட்டில் சுருதி சேராது என்ற அவர் நிலை சரியானது.

பெருவிழாக்களைப் பற்றியும் ஒரு சொல். 2011 மார்ச்சில் யாழ்ப்பாண நகரில் நோர்வே நாட்டின் துணையோடு ஒரு பெரிய இசைவிழா மூன்று நாள்கள் நடந்தது. தீவின் பல பகுதிக் கூத்தர்களும் பறை முழக்குவோரும் வெளிநாட்டாரும் வந்தார்கள். அதனை நான் பழியேன். கூத்துக்கலைஞர் பலர் நெடுநாளுக்குப் பின் மேடை கண்டனர். ஆனால் பிறர் பணத்தில், மைதானத்தில், வேலியிட்டு நடப்பது வருடத்தில் மூன்று நாள். அவர்கள் மேடையைக் கழற்றிக்கொண்டு போனபின் மீதி முந்நூற்று அறுபத்திரண்டு நாளும் ஊரில் இருப்பவர் நாம்.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பர். வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கில், உயர் நீதிமன்றம் 2007இல் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுத்தல் ஆகாது எனக் கட்டளையிட்டது; கேட்க விரும்பாதவனைக் கேட்கும்படி கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் சாரம். எம் ஊர்களில் அக்கட்டளை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை விடியற்காலம் நான்கு மணிக்குச் சினிமா மெட்டிற் பக்திப்பாட்டுக் கேட்டு விழித்தெழும் நோயாளரும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் சொல்வார்கள். மைக் இல்லாத சிற்றவைக்கு ஒலிபெருக்கிக்கான அனுமதிச் சீட்டே வேண்டியதில்லை. 

சங்கானை இடிபாடு தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ளது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டத்தின்படி அங்கே எதையும் செய்ய அவர்கள் அனுமதி வேண்டும். அத்திணைக்களத்தின் பலகையைக் கண்டால் எமக்கு வயிற்றைக் கலக்குவதற்குக் குருந்தூர்மலை முதலாய காரணங்கள் உண்டு. ஆனால், கேட்டுப் பெறுவதில் இழிவில்லை. மக்கள் கூடி இசை கேட்கும் இடம் மக்களுடைய இடமாகவே நினைவில் நிற்கும். புல் மூடிக் கிடப்பதைப் பற்றி எவர் எந்தக் கதையும் எழுதலாம். நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தையும் ஒருவர் எனக்குச் சொன்னார். 1995 யூலை 9இல் அங்கே தஞ்சமிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சில் மாண்டனர். அவ்விடத்தை நாம் பட்டியலிற் சேர்ப்பது முறையன்று. அந்தப் பங்கு மக்கள் தாமே ஒரு நாள் அழைத்தால், பின்வரிசையில் அமைதியாய்ப் போய் இருக்கலாம்.

காலம் எது? தோட்டக்காரன் விடியமுன் இறைப்புக்குப் போகிறவன். இரவு பத்துமணிக் கச்சேரி அவனுக்கு ஆகாது. மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியட்டும். மழை ஓய்ந்து வயல் அரிவும் முடிந்த மாசியிலே தொடங்கி, கோயில்கள் தம் மகோற்சவங்களில் மூழ்கும் மாதங்களில் அந்தந்தக் கோயிலை விட்டு வேறிடத்தில் நடத்தி, ஐப்பசி மழைக்கு முன் நிறுத்தலாம். நாள் பறுவ நாள். அரசாங்கம் 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறையையே பறித்துப் போயா நாள்களை வார விடுமுறையாக்கிற்று. கிறித்தவ மக்கள் அக்காலத்தில் பட்ட இடரை மூத்தோர் அறிவர். இன்று மாதம் ஒரு போயா விடுமுறை எஞ்சியுள்ளது. அதனைப் பெற்றுத் தந்தவர்கள் எந்நோக்கத்தோடு தந்தாலும் நிலவு எல்லோர் கூரைக்கும் மேலேதான் எழுகிறது. அன்று உத்தியோகத்தரும் வீட்டில் இருப்பர், விளக்குச் செலவும் குறையும்.

காசு? சிற்றவைக்கு மேடையில்லை, பந்தலில்லை, பெட்டியில்லை. வித்துவான்களின் தொகையும் போக்குவரத்துமே செலவு. வாசலில் ஒரு செம்பு வைக்கலாம். இயன்றவர் இடுவர், இயலாதவர் இடாமற் போவர். செம்பிற் சேர்வது போதாது என்பது எனக்குத் தெரியும். மாகாணசபை 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து நெடுங்காலம் தேர்தலின்றிக் கிடந்தமையால், கலைக்கென்று எம்மவர் கையால் எம்மவர்க்கு ஒதுக்கிய பணம் என்று ஒன்று இல்லாமற் போயிற்று. எஞ்சியிருப்பது பிரதேச சபை. 1946ஆம் ஆண்டின் கேளிக்கை வரிக் கட்டளைச்சட்டப்படி, கட்டணம் வாங்கும் களியாட்டங்கள் மீது உள்ளூராட்சி மன்றங்கள் வரி அறவிடுகின்றன. எமது பகுதியில் அறவிடப்படும் அவ்வரியில் ஒரு பங்கை, கட்டணம் வாங்காத இசையவைகளுக்கு என வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக ஒதுக்குவதற்கு வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கு யார் குறுக்கே நிற்கிறார்? கொழும்பைக் கேட்க வேண்டிய காரியம் இதுவன்று. சுயாட்சி வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாம், கையில் இருக்கும் சிறு அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்று ஒருவர் கேட்டால் வீதி விளக்கையும் குப்பை வண்டியையும் மாத்திரம் காட்டுவதா?

கோயில் நிருவாகத்தாருக்கும் ஒன்று. பல கோயில்கள் பொது நம்பிக்கைப் பொறுப்புகள். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் 102ஆம் பிரிவின்படி, அக்கறையுள்ள ஐவர் சேர்ந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். பழைய மண்டபத்தை இடிக்குமுன் வழிபடுவோரைக் கூட்டிக் கேட்காத நிருவாகம் அந்த ஐவரை நினைவில் வைத்திருத்தல் நன்று. வழக்குக்குப் போவதை நான் விரும்பவில்லை. கோயில் வழக்குகளால் எங்கள் தொழிலார் கொழுத்தது போதும். ஆயினும் இந்த ஆண்டு கும்பாபிடேகத்துக்கென்று இடிக்க நாள் குறித்திருக்கும் மண்டபம் ஒன்று எனக்குத் தெரியும். தூண்கள் உறுதியாய் இருக்கின்றன. ஓடு மாற்றினாற் போதும். அதன் நிருவாகத்தார் இப்பத்திரிகையை வாசிப்பவர்கள். இடிக்கும் நாளை ஒரு மாதம் தள்ளிவைத்து, அம்மண்டபத்தில் ஒரேயொரு மாலை, விளக்கு மாத்திரம் ஏற்றி, மருதனார்மடத்துப் பிள்ளை ஒருத்தியைப் பாடச் சொல்லிக் கேட்கும்படி அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிரதேச சபைக்கான தீர்மானத்தின் வரைவும் எழுதி வைத்திருக்கிறேன். உறுப்பினர் எவர் கேட்டாலும், எக்கட்சியினராயினும், கொடுப்பேன்.